நானாக நிறுத்திய மாத்திரை

மாத்திரையை இனி விழுங்குவதில்லை என்று முடிவெடுத்த வெள்ளிக்கிழமை, வேலைக்குப் போகிற வழியெல்லாம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன். அவ்வளவு நன்றாக இருந்தேன். அதுதான் வினையே. நன்றாக இருப்பவளுக்கு மாத்திரை எதற்கு என்று தோன்றிவிட்டது. நன்றாக இருந்ததே அந்த மாத்திரையின் தயவில்தான் என்பது புத்திக்கு எட்டவில்லை.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். நானும் வீட்டுக்காரருமாகச் சிங்காநல்லூரில் வாடகைக்குக் குடியிருந்தோம். மோட்டார் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் டிராயிங் பிரிவில் எனக்கு வேலை. கம்ப்யூட்டர் அப்போதுதான் முதலாளியின் அறைக்குள் வந்து, துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்களுக்கு இன்னும் சாய்வுப் பலகையும் மைப்பேனாவும் ட்ரேசிங் தாளும்தான். கோடு தப்பினால் பாதி பிளேடை வைத்துச் சுரண்டித் திருத்துவோம். வீட்டுக்காரருக்குக் கோழித் தீவனம் விற்கிற வேலை. காலையில் ஸ்கூட்டரை எடுத்தால் பல்லடம் பக்கத்துப் பண்ணைகளையெல்லாம் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் வருவார். அவருக்கு முன்னால் பண்ணை வாசம் வீட்டுக்குள் வந்துவிடும்.

மாத்திரை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் ஐப்பசி வாக்கில் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. காரணம் என்று ஒன்றும் இல்லை. யாரும் சாகவில்லை, யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை. பலகை முன்னால் உட்கார்ந்தால் ஒரு கோடு இழுக்கக் கை எழாது. தலை சீவுவது மலையேறுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் காலை எட்டரைக்கு பஸ் ஸ்டாப்பில் போய் நின்றவள், வந்த பஸ் ஒன்றிலும் ஏறாமல் பதினோரு மணிவரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். எதற்கு ஏற வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்த அவர் என்னை அங்கே பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் காந்திபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவருடைய போர்டில் 'நரம்பு' என்று பெரிய எழுத்திலும் 'மனநலம்' என்று சின்ன எழுத்திலும் எழுதியிருந்தது. பெரிய எழுத்தை நம்பித்தான் நாங்களும் உள்ளே போனோம். அவர் ஒரு மணி நேரம் பேசவிட்டுக் கேட்டார். மனச்சோர்வு என்றார். தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "ரெண்டு மூணு வாரத்துல தெரியுமுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. நிறுத்தறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிப்போட்டு நிறுத்துங்க" என்றார். அவர் சொன்னதில் நான் மறந்தது இந்த ஒன்றைத்தான்.

மார்கழியில் எனக்குப் பசி திரும்பியது. தை மாதம் நான் போட்ட டிராயிங்கைப் பார்த்து மேனேஜர் பாராட்டினார். மாத்திரை விஷயம் எங்கள் இருவரையும் தாண்டி யாருக்கும் தெரியாது. கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்வதாக ஏற்பாடு. யாரும் கேட்கவில்லை.

ஏழு மாதம் கழித்து, வைகாசியில், நாத்தனாரின் மகளுக்குக் காது குத்து என்று கிணத்துக்கடவிலிருந்து சேதி வந்தது. நாத்தனாரென்றால் அவருடைய அக்கா. குலதெய்வக் கோயிலில் கெடா வெட்டி விருந்து. ஊரே வரும். முந்தின நாளே போய் மாமியார் வீட்டில் தங்க வேண்டும். அங்கே யார் பையை யார் வேண்டுமானாலும் திறப்பார்கள்; சீப்பு தேடுவார்கள், பின்னூசி தேடுவார்கள். என் பையில் மாத்திரை அட்டை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கூடவே, நரம்பு மாத்திரையெல்லாம் விடாத பழக்கமாகிவிடும் என்று ஆபீஸில் யாரோ யாரைப் பற்றியோ பேசியதும் காதில் விழுந்திருந்தது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று, அட்டையை ஆபீஸில் இருந்த என் காம்பஸ் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அவரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, "பாத்தீங்களா, மாத்திரையே இல்லாம இருக்கறேன்" என்று சொல்லி அசத்துவதாகத் திட்டம்.

சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை எழுந்தபோது படகில் நிற்கிற மாதிரி தரை லேசாக அசைந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை பம்புக்குள் தண்ணீரைச் சுழற்றித் தள்ளுகிற சக்கரம் ஒன்றுக்கு வளைவுக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பினேன். தலைக்குள் சுளீரென்று ஒன்று ஓடியது. வலி இல்லை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் ஒரு கணம் ஜிவ்வென்று இழுக்குமே, அதேதான். ஆனால் கையில் இல்லை, மூளைக்குள். திரும்பக் கண்ணைத் திருப்பினேன். திரும்பவும் சுளீர்.

மோட்டார் கம்பெனியில் வேலை செய்கிறவளுக்கு ஷாக் அடித்தால் புத்தி வேறெங்கும் போகாது. எர்த் சரியில்லை என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டனுப்பினேன். ரிட்டயராக இரண்டு வருஷம் பாக்கியிருந்த மனிதர். டெஸ்டரோடு வந்து மேஜை விளக்கைத் தொட்டுப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், நான் உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூலையும் விடவில்லை.

"ஏனுங்கம்மணி, எங்க ஷாக் அடிக்குதுங்க?"

"தலைக்குள்ளீங்க."

"வெளக்கத் தொடறப்பங்களா, பலகையத் தொடறப்பங்களா?"

"கண்ணைத் திருப்பறப்பங்க."

அவர் சற்று யோசித்தார். டெஸ்டரைச் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டார். "கண்ணுக்கெல்லாம் நம்மகிட்ட எர்த் கெடையாதுங்க. கண்ணாடிக் கடையில பவர் பாத்துப்போட்டு வாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வெளியே ஒரு கடையைத் திரும்பிப் பார்த்தேன், சுளீர். இன்னொரு கடை, இன்னொரு சுளீர். ரப்பர் டயரில் ஓடுகிற பஸ்ஸில் எர்த் கோளாறுக்கு வழியே இல்லை. கோளாறு என்னோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு நானே ஒரு வேடிக்கை. டி.வி.யில் சோப்பு விளம்பரம் வந்தது. அதில் ஒரு அம்மா குழந்தையின் முதுகைத் துடைத்தாள். நான் விசும்பி விசும்பி அழுதேன். சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சாதாரணமாகச் சொன்ன மனிதரை, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் திட்டினேன். திட்டிவிட்டு, திட்டியதற்காக அழுதேன். அவர் பாவம், சட்னியை வழித்துத் தின்றுவிட்டு, "உப்பு சரியாத்தான் இருக்குது" என்றார். வைகாசி வெயிலில் குளிர் எடுத்தது, குளிருக்குப் போர்த்தினால் வியர்த்தது. கனவுகள் ஒவ்வொன்றும் முழுநீளப் படம். ஒன்றில் எங்கள் மேனேஜர் பம்பு ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு பதினேழாம் வாய்ப்பாடு ஒப்பித்தார். நான் தப்பு கண்டுபிடித்துக்கொண்டே வந்தேன்.

ஆனால் இதற்கெல்லாம் அடியில் ஒரு பயம் இருந்தது. பழையது திரும்பி வந்துவிட்டதோ என்கிற பயம். வியாழக்கிழமை காம்பஸ் பெட்டியைத் திறந்து அட்டையைப் பார்த்தேன். ஒன்றை எடுத்து விழுங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் நான் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டேன். ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் எனக்கு இது ஆயுசுக்கும் தீராது என்றுதானே அர்த்தம்? பார்த்துவிடலாம் ஒரு கை என்று பெட்டியை மூடிவிட்டேன். கொஞ்சம் பிடிவாதம் என் பிறந்த வீட்டுச் சீதனம்.

சனிக்கிழமை கிணத்துக்கடவு போனோம். பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டே போனேன். கண்ணைத் திருப்பாமல் இருந்தால் ஷாக் குறைவு என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தேன்.

மாமியாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மாமனார் போன பிறகு தென்னந்தோப்பைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். தோப்பின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் காய் போடுகிறவரிடம் பேசிப் பேசி, அடுக்களைக்குள் ரகசியம் சொன்னாலும் வாசலில் கேட்கும். என்மேல் பிரியம்தான். ஆனால் மூன்று வருஷமாகப் பேரக்குழந்தைக்காகக் காத்திருந்தார். வாயைத் திறந்து கேட்டதில்லை. ஒவ்வொரு தடவை நான் வரும்போதும் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை, தோப்பை ஒட்டியிருந்த கோயிலில் காது குத்து நல்லபடியாக முடிந்தது. குழந்தை அழுதது. அதைவிட அதிகமாக நான் அழுதேன். எல்லோரும் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். பத்து மணிக்குமேல் விருந்து அடுப்புகள் எரிந்தன. பெரிய அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்க ஆரம்பித்தது. எனக்கு உயிரான வாசம் அது. அன்று அது மூக்கில் ஏறியதும் வாயைப் பொத்திக்கொண்டேன். தென்னை மரங்களுக்குப் பின்னால் ஓடினேன். மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கை என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தது. மாமியார்.

"எத்தன நாளாச்சு கண்ணு?" என்றார். வழக்கத்துக்கு மாறாக மெதுவான குரலில்.

தலைசுற்றல் ஆரம்பித்து எத்தனை நாள் என்று கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து விரல்விட்டு எண்ணினேன்.

"ஏழு நாளாச்சுங்க அத்தை."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாந்தியெடுத்த மருமகளுக்காக இப்படி உருகுகிறாரே என்று எனக்கும் அழுகை வந்தது.

கால் மணி நேரத்தில் எனக்கு ஒரு நாற்காலி வந்தது. அதற்குப் பின்னால் ஒரு விசிறி, கையில் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சொம்பு மோர். இலை எடுக்கப் போனால் நாலு பெண்கள் தடுத்தார்கள். யாரோ ஒரு பெரியம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, "பையன்தான்" என்றாள். அப்போதுதான் ஏழு நாளின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. ஆகக் கூடி அரை மணி நேரம் நான் கர்ப்பிணியாக இருந்தேன். சும்மா சொல்லக் கூடாது, சௌகரியமாகத்தான் இருந்தது.

அதற்குள் சேதி ஆண்கள் பக்கம் போய்விட்டது. அவர் கறி வெட்டிய கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு வந்தார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குச் சௌகரியமெல்லாம் போய்விட்டது.

"எங்கிட்டச் சொல்லவே இல்ல அம்மணி" என்றார்.

"ஏனுங்க, கொஞ்சம் தோப்புப் பக்கம் வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனேன். பாத்திக்கரையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை மூடி வைத்தது, ஷாக், எலக்ட்ரீஷியன், அத்தை கேட்டது, நான் சொன்ன ஏழு நாள், எல்லாம். அவர் கீழே கிடந்த ஓலையிலிருந்து ஒரு கீற்றை உரித்துக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது இல்லையா?"

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் ஓலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது. பிறகு அவர் ஓலையைக் கீழே போட்டார்.

"நாங்க தீவனக் கம்பெனிய மாத்தறதா இருந்தாக்கூட, பழைய தீவனத்துலயே புதுசக் கொஞ்சங் கொஞ்சமாக் கலந்து, ஒரு வாரம் பத்து நாள் வெச்சுத்தான் மாத்துவோம். ஒரே நாள்ல மாத்துனா பண்ணையே முட்டைய நிறுத்திப்போடும். கோழிக்கே அப்படி. நீ என்னடான்னா..."

அந்த நேரத்தில் என்னைக் கோழியோடு சேர்த்துப் பேசியதற்கு நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. அதற்கும் தலைக்குள் இரண்டு முறை சுளீரென்றது.

"அம்மாகிட்ட நான் சொல்றேன்" என்றார்.

"வேண்டாமுங்க. ஏழு நாளுன்னு சொன்னது நான்தான். நானே சொல்லிக்கறேன்."

மாமியார் அதற்குள் பூசாரியிடம் ஏதோ வேண்டுதல் பேசிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து, சாமான் வைத்திருந்த அறைக்குள் அழைத்துப் போனேன். அரிசி மூட்டைமேல் உட்காரவைத்துச் சொன்னேன். கர்ப்பம் இல்லை என்பதை முதலில் சொன்னேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்துக்கொண்டே மீதியையும் சொன்னேன். ஐப்பசியில் என்ன ஆனது, எந்த டாக்டர், என்ன மாத்திரை, ஏன் நிறுத்தினேன் என்று ஒன்றையும் விடவில்லை.

முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்த மாத்திரை இப்பக் கையில இருக்குதா?" என்றார்.

"இல்லீங்க அத்தை. ஆபீஸ்ல இருக்குது."

"ஏழு மாசமா மருந்து தின்னிருக்கற. எனக்கொரு வார்த்தை சொல்லோணும்னு ரெண்டு பேருக்கும் தோணலை. நானென்ன பக்கத்தூட்டுக்காரியா?"

"கிறுக்குன்னு நெனச்சுக்குவீங்களோன்னு பயமா இருந்துச்சுங்க."

"நெனச்சிருப்பேன்" என்றார் ஒளிக்காமல். "ரெண்டு நாளைக்கு நெனச்சிருப்பேன். அப்பறம் சரியாயிருக்கும்." எழுந்து முந்தானையை உதறினார். "நாளைக்கே அந்த டாக்டர்கிட்டப் போ. சாமிகிட்டயும் ஒரு கயிறு வாங்கித் தாறேன். அதையும் கட்டிக்க, மாத்திரையவும் தின்னு. ரெண்டும் சண்டை போட்டுக்காது."

வெளியே போய், தோப்பின் அந்தக் கோடிக்கும் கேட்கிற தன் சொந்தக் குரலில், "அது ஒண்ணுமில்ல, வெய்யில்ல வந்த பித்தம். எல்லாரும் சாப்புடப் போங்க" என்று அறிவித்தார். விசிறி போய்விட்டது. பையன்தான் என்று சொன்ன பெரியம்மா மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கையில் கறுப்புக் கயிறோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். கண்ணைத் திருப்பும்போது வருகிற ஷாக்கைப் பற்றி மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

"பழைய சீக்கு திரும்பி வந்துருச்சுங்களா டாக்டர்?"

"இல்லீங்க. சீக்கு வர்றதா இருந்தா இப்படி நாலே நாள்ல ஷாக்கும் வாந்தியுமா வராது. ஒடம்பு மாத்திரைக்குப் பழகியிருக்குது. நீங்க ஒரே நாள்ல புடுங்கிட்டீங்க. அதுதான் தடுமாறுது."

"அப்ப எனக்கு இது போதைப் பழக்கமாயிருச்சுங்களா?"

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "போதைன்னா இன்னும் வேணும், இன்னும் வேணும்னு தேடிப் போவீங்க. நீங்க காம்பஸ் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிட்டு வந்திருக்கறீங்க. இது வேறயிங்க. நிறுத்தலாம். நிச்சயமா நிறுத்தலாம். மெதுவா, நாம ரெண்டு பேருமாப் பேசிட்டு நிறுத்தலாம்."

அன்றே மறுபடி ஆரம்பித்தேன். புதன்கிழமைக்குள் தரை அசைவது நின்றது. வெள்ளிக்கிழமை சோப்பு விளம்பரத்தைப் பார்த்தேன். சோப்பு மட்டும்தான் தெரிந்தது. மூன்று மாதம் முழு மாத்திரை, பிறகு நாலு மாதத்தில் படிப்படியாகக் குறைப்பது என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதை நான் கிராஃப் தாளில், எந்த வாரம் முழுசு, எந்த வாரம் முக்கால், எந்த வாரம் அரை என்று மைப்பேனாவால் வரைந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். என் வாழ்க்கையில் நான் போட்ட மிகச் சுத்தமான டிராயிங் அதுதான். டாக்டரிடம் காட்டியபோது, இன்னொன்று போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

மாமியார் வாரம் ஒருமுறை போன் செய்ய ஆரம்பித்தார். எங்களிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டுக்குத்தான் வரும். அங்கே ஹாலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாத்திரையைப் பற்றி எப்படிப் பேசுவது? இரண்டாவது வாரமே அவர் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"கண்ணு, தீவனம் எவ்வளவு போடற?"

"முழுசாத்தானுங்க அத்தை."

"ராத்திரி ஒழுங்காத் தூங்குதா?"

"தூங்குதுங்க."

"அவசரப்பட்டுக் கொறச்சுப்போடாத."

குரல்தான் தெரியுமே. ரிசீவரைத் தாண்டி ஹால் முழுக்கக் கேட்கும். மூன்றாவது மாதம் பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாங்கள் மொட்டை மாடியில் கோழி வளர்ப்பது தனக்குத் தெரியும், வீட்டு ஓனரிடம் சொல்ல மாட்டேன், வாரம் ஆறு நாட்டுக்கோழி முட்டை மட்டும் கொடுத்தால் போதும் என்றாள். என் வீட்டுக்காரர் பல்லடத்திலிருந்து முட்டை வாங்கி வந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

மார்கழியில் கால் மாத்திரைக்கு வந்தேன். பிளேடால் வெட்டும்போது பாதி தூளாகிவிடும். ஈர விரலால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொள்வேன். கடைசித் துண்டை விழுங்கிய பிறகு பத்து நாள் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசான சுளீர் வந்தது. என்னவென்று தெரிந்துவிட்டதால் பயம் இல்லை. கொஞ்சம் நின்று, கண்ணை மூடித் திறந்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஒருநாள் டாக்டர் கேட்டபோதுதான், அது கடைசியாக எப்போது வந்தது என்றே நினைவில்லாமல் போயிருப்பது தெரிந்தது.

சில வருஷங்கள் கழித்துப் பழைய சோர்வு இன்னொரு முறை வந்தது. அந்தத் தடவை பஸ் ஸ்டாப்வரை விடவில்லை. தலை சீவுவது கனக்க ஆரம்பித்த இரண்டாவது வாரமே நானாகக் கிளம்பி டாக்டரிடம் போனேன். போகும்போது மாமியாருக்கும் ஒரு போன் போட்டுச் சொன்னேன். அவர் தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தாராம். "போயிட்டு வந்து சொல்லு" என்று வைத்துவிட்டார்.